ஆடி 1-க்குத் தேங்காய் சுட வேண்டும், பல்லில் தற்காலிக கேப் (பல் உறை) இருக்கிறது. என்ன செய்யலாம்?

அம்மாப்பேட்டைக்காரன் | ஜூலை 12, இரவு 9:40

இதைச் சமையல் பகுதியில் போடுவதா, மருத்துவப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. நெறியாளர் நகர்த்திக்கொள்ளட்டும்.

போன வருடம் ஆடி 1 அன்று சாயந்திரம் வழக்கம்போல எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் தேங்காய் சுட்டோம். சேலம், ஈரோடு, நாமக்கல் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேங்காயின் நாரை எடுத்து, தரையில் தேய்த்து மொழுமொழுவென்று ஆக்க வேண்டும். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டு, வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாவற்றையும் உள்ளே போட்டு, வடித்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப விட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்ட வேண்டும். ஓடு கருகி வெடித்தால் உள்ளே பூரணம் வெந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்துச் சாப்பிடலாம்.

நான் இருட்டில் அவசரமாக உடைத்தேன். பூரணத்தோடு ஒரு கொட்டாங்குச்சிச் சில்லு சேர்ந்து வந்துவிட்டது. கடித்ததும் காதுக்குள் ‘கடக்’ என்று கேட்டது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை கையோடு வந்தது. முதலில் போன ஒரு கிளினிக்கில் சிமெண்ட் மாதிரி ஏதோ வைத்து அடைத்து அனுப்பினார்கள். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது மட்டும் சுரீர் என்கிறது என்று மூன்று முறை சொல்லியும் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்றார்கள். சரியாகவில்லை. பங்குனியில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். வேறு இடத்தில் காட்டி ரூட் கெனால் முடிந்து, இப்போது தற்காலிக கேப் போட்டிருக்கிறார்கள். நிரந்தர கேப் 21-ஆம் தேதிதான் வரும்.

ஆடி 1 வருவது 17-ஆம் தேதி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் தேங்காய் வாங்கி இப்போதே தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

ஐந்துரோடு | ஜூலை 12, இரவு 10:05

ஒரு வருடம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது தலைவா. வேடிக்கை பாருங்கள்.

தட்டுவடைசெட் | ஜூலை 12, இரவு 10:31

இவர் சேலத்துக்காரர்தானா? ஆடி 1 அன்று வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்.

என் அப்பாவின் கதையைக் கேளுங்கள். நம் ஊரில் ‘செட்’ என்றால் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் பீட்ரூட் துருவலும்). எங்கள் வீட்டில் அப்பாவின் பல் செட். போன தீபாவளிக்கு இரண்டும் சந்தித்துக்கொண்டன. தட்டுவடையைக் கடித்த வேகத்தில் மேல் செட் கழன்று பீட்ரூட் துருவலுக்குள் விழுந்தது. எட்டு வயதுப் பேரன் அதை எடுத்து ‘தாத்தா, உங்கள் பல்லில் சட்னி’ என்று நீட்டினான். அதற்கப்புறம் தட்டுவடையை நொறுக்கி, நொறுக்கல் மாதிரி ஸ்பூனில்தான் அவருக்குக் கொடுக்கிறோம்.

வெல்லமண்டி | ஜூலை 13, காலை 6:50

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு மூன்று தலைமுறையாக வெல்ல வியாபாரம். அனுபவத்தில் சொல்கிறேன், பல்லைக் கெடுப்பது வெள்ளைச் சர்க்கரை. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இரும்புச் சத்து இருக்கிறது, பல்லை ஒன்றும் செய்யாது. எங்கள் தாத்தா 84 வயதில் கரும்பைப் பல்லால் உரித்தார். கடையில் வாங்கும் ஸ்வீட்டைக் குறையுங்கள், தேங்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பல்லாண்டு | ஜூலை 13, மதியம் 2:15

நான் பல் மருத்துவர், சேலத்தில்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரி விளம்பரம் செய்யக் கூடாது என்று இங்கே விதி இருப்பதால் இடம் சொல்லவில்லை.

முதலில் வெல்லமண்டி அண்ணாவுக்கு. தாத்தாவின் பல்லுக்கு ஒரு கும்பிடு. ஆனால் வெல்லத்தில் பெரும்பங்கு இருப்பதும் அதே சுக்ரோஸ்தான். நிறமும் மணமும் நமக்குத் தெரியும், வாயில் இருக்கும் கிருமிக்குத் தெரியாது. சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குவதுதான் அதன் வேலை. சொல்லப்போனால் பாகு வெல்லம் பல் இடுக்கில் சர்க்கரையைவிட அதிக நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்புச் சத்து ரத்தத்துக்கு ஆகலாம், பல்லின் மேல்கவசமான எனாமலுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை.

இப்போது அம்மாப்பேட்டைக்காரர் கேள்வி. கடித்துவிட்டு விடும்போது வலிப்பது வெடித்த பல்லின் குணம். அதைச் சொல்லியும் கவனிக்காமல் விட்டது வருத்தம்தான். உங்கள் தற்காலிக கேப், பெயருக்கு ஏற்ற மாதிரி, லேசான சிமெண்டில்தான் நிற்கிறது. நிரந்தர கேப் போடும்போது சுலபமாகக் கழற்ற வேண்டும் என்பதற்காகவே அப்படி வைப்போம். வெல்லப் பாகும் எள்ளும் சேர்ந்த ஒரு வாய்ப் பூரணம் அதைக் கழற்றுவதற்குப் போதும். அதனால் இடது பக்கமே வேண்டாம், வலது பக்கம் மட்டும். பூரணத்தைக் கையால் பிட்டு, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வாயில் போடுங்கள். சில்லு இருந்தால் பல்லுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். சுட்ட தேங்காய்ப் பருப்பு தோல் மாதிரி இழுபடும், அதைத் துருவிச் சாப்பிடுவது உத்தமம். ஒருவேளை கேப் கழன்றால் டப்பாவில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். சட்டென்று ஒட்டும் பசையை மட்டும் தொடாதீர்கள். வருடத்துக்கு ஒருவராவது அப்படி ஒட்டிக்கொண்டு வருகிறார்.

குகைத்தெரு அக்கா | ஜூலை 13, மாலை 4:48

டாக்டரம்மா, அப்படியானால் பண்டிகை நாளில் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஆடி என்றால் எங்கள் பக்கம் ஒரு நாளோடு முடியாது. மாரியம்மன் பண்டிகை, கூழ், வண்டி வேடிக்கை, சொந்தக்காரர்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருவரும் ஒரு ஸ்வீட் பாக்கெட்டோடு வருவார்கள். பாக்கெட் வந்த நிமிடத்தில் இருந்து என் சின்னவன் ஃபிரிட்ஜுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

பல்லாண்டு | ஜூலை 13, இரவு 9:20

அக்கா, நீங்கள் கடைசி வரியில் சொன்னீர்களே, அந்த நடைதான் பல்லைத் தின்கிறது. அவன் மொத்தம் எத்தனை லட்டு தின்கிறான் என்பது இரண்டாவது கேள்வி.

இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்மேல் அமிலம் ஏறும். பி.எச். அளவு (அமிலம் ஏற ஏற இது இறங்கும்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து தாதுக்கள் கரைய ஆரம்பிக்கும். அப்புறம் உமிழ்நீர் வந்து அமிலத்தைச் சமன்படுத்தி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து ஒட்டும். இதற்கு அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு சேர்த்து மூன்று லட்டு தின்றால் ஒரே முறை கரைந்து, ஒரே முறை சரியாகும். அதே மூன்று லட்டை மணிக்கு அரை லட்டாகக் கொறித்தால் உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்த அரை லட்டு வந்துவிடும். நாள் முழுக்கக் கரைந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் ஸ்வீட்டைச் சாப்பாட்டு இலையில் வையுங்கள், தாராளமாகவே வையுங்கள். இலை எடுத்ததும் டப்பாவை மேல் பரணுக்கு அனுப்புங்கள். இடையில் பசித்தால் வேர்க்கடலை, மோர், வெள்ளரிக்காய். சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் நன்றாகச் சுழற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். அப்போது வாயில் இருக்கும் ஒரு துண்டு ஜிலேபிக்குக் காவலே கிடையாது.

இன்னொன்று. இனிப்பாக இல்லாததால் நாம் கணக்கில் சேர்க்காத ஒரு சங்கதி நம் ஊரிலேயே விளைகிறது, ஜவ்வரிசி. மரவள்ளி மாவுச்சத்துதான் அது. வெந்தபின் பிசின் மாதிரி பல் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், உமிழ்நீரிலேயே சர்க்கரையாக உடையும். பாயசத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (என் மாமியார் இதைப் படிக்கிறார்). குடித்தபின் கொப்பளியுங்கள்.

காட்டுக்காப்பி | ஜூலை 14, காலை 7:12

ஏற்காட்டில் இருந்து. ஒரு விஷயம் பதிந்துவிட்டுப் போகிறேன், யாருக்காவது உதவும்.

நான்கு வருடத்துக்கு முன் இதே ஆடி 1. எஸ்டேட் லைனில் பிள்ளைகள் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களைப் பார்த்து ஒரு பத்து வயதுப் பையன் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு காயை இழுத்தான். நார் சட்டென்று விட்டதும் பின்னால் போனவன் திண்ணையில் முகம் குப்புற விழுந்தான். முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது. விழுந்து முளைத்த பல், பால் பல் இல்லை. அவன் பாட்டி அதைக் கூரைமேல் எறியக் கையை ஓங்கிவிட்டார்.

எங்கள் எஸ்டேட் நர்ஸ்தான் பிடுங்கி வாங்கினார். வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து, ஒட்டியிருந்த மண் போகும் அளவுக்குப் பாலில் அலசி, டம்ளரில் காய்ச்சாத பாக்கெட் பாலை ஊற்றி அதற்குள் போட்டு, ஜீப்பில் ஏற்றினார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் பையனைவிட டம்ளரைப் பிடித்திருந்த எனக்குத்தான் வியர்த்தது. ஒவ்வொரு வளைவிலும் பால் சட்டையில் கொட்டியது, பல் கொட்டவில்லை. டாக்டர் திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டினார். வேர் சிகிச்சை பின்னால் செய்தார்கள். அந்தப் பல் இன்றும் அவன் வாயில்தான் இருக்கிறது.

பல்லாண்டு | ஜூலை 14, மதியம் 1:30

காட்டுக்காப்பி, அந்த நர்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எல்லோரும் மனதில் வைக்க: வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது, துணியில் காய வைக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது, அரை மணிக்குள் என்றால் மிக நல்லது. முடிந்தால் அந்த இடத்திலேயே குழியில் பொருத்தித் துணியைக் கடிக்கச் சொல்லி அழைத்து வரலாம். முடியாவிட்டால் பால். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்த வேண்டாம், உள்ளே இருக்கும் அடுத்த பல்லுக்குக் கெடுதல். அதைக் கூரையில் எறிந்துகொள்ளுங்கள்.

ஐந்துரோடு | ஜூலை 14, மதியம் 1:58

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு? சாப்பிட்ட உடனே பிரஷ் பண்ணினால் முடிந்தது. நான் மாம்பழம் சாப்பிட்டால்கூட உடனே துலக்கிவிடுவேன்.

பல்லாண்டு | ஜூலை 14, மதியம் 2:40

புளிப்பு சாப்பிட்டவுடன் துலக்காதீர்கள். மாங்காய், ஆரஞ்சு, எலுமிச்சை, கலர் சோடா எல்லாம் நேராகவே அமிலம். அதில் ஊறி இளகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணியாவது கழித்துத் துலக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்ட், மெத்தென்ற பிரஷ். பட்டாணி அளவு பேஸ்ட் போதும், விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பாம்பு வேண்டாம். துப்பியபின் வாயைத் தண்ணீரில் கழுவிக் கழுவி மருந்தையும் சேர்த்து வெளியேற்றாதீர்கள்.

வெல்லமண்டி | ஜூலை 14, மாலை 5:05

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அப்போது எந்த பேஸ்ட் இருந்தது? இப்போது எங்கள் வீட்டுப் பேரனுக்கு ஏழு வயதில் நான்கு சொத்தை.

குகைத்தெரு அக்கா | ஜூலை 14, மாலை 5:22

அண்ணா, அப்போது பேஸ்ட் இல்லை சரி. ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட்டும் இல்லையே. எங்கள் அம்மா தீபாவளிக்குச் சுட்டால்தான் அதிரசம்.

பல்லாண்டு | ஜூலை 14, இரவு 10:11

அக்கா சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன். வேப்பங்குச்சி கெட்டது இல்லை. மென்று நுனியைப் பூவாக்கி, ஈறைக் குத்தாமல் பொறுமையாகத் தேய்த்தால் அழுக்கு போகும். ஆனால் அதில் ஃப்ளோரைடு இல்லை, கடைவாயின் பின்பக்கத்துக்கும் எட்டாது. நான் எதிர்ப்பது சாம்பல், செங்கல் பொடி, உப்புக்கல் வைத்துத் தேய்ப்பதை. அது எனாமலை அரைக்கும்.

அப்புறம் இடுக்கில் மாட்டும் எள். ஊக்கு, கொண்டை ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம். ஏற்காட்டுக்குப் போக இருபது போதும், இருபத்தோராவதை வாய்க்குள் திருப்பாதீர்கள். மருந்துக் கடையில் பல் இடுக்கு நூல் கிடைக்கிறது. அம்மாப்பேட்டைக்காரர் மட்டும், தற்காலிக கேப் பக்கம் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள்.

பென்னாகரத்து மருமகள் | ஜூலை 15, காலை 11:34

ஒரு சந்தேகம். எனக்குப் பிறந்த ஊர் தர்மபுரி மாவட்டம், சின்ன வயதில் முழுக்க போர் தண்ணீர்தான் குடித்தோம். முன்பல்லில் பழுப்புக் கோடு. ஃப்ளோரைடு என்றார்கள். கல்யாண போட்டோவில் நான் வாயைத் திறக்கவே இல்லை. அப்படியிருக்க பேஸ்டிலும் ஃப்ளோரைடு நல்லது என்கிறீர்களே, என் மூன்று வயது மகளுக்கு அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பல்லாண்டு | ஜூலை 15, மதியம் 3:02

நல்ல கேள்வி, பயமும் நியாயம். பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அளவுக்கு மீறிய ஃப்ளோரைடை விழுங்கினால் அந்தக் கோடு வரும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு, உங்கள் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீர் அதைத் தாண்டியது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் திறந்தார்கள்.

பேஸ்டில் இருப்பது பல்லின் மேல் பட்டுத் துப்புவதற்கு. மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தால் பட்டாணி அளவு, முடியவில்லை என்றால் அரிசி அளவு. நீங்களே பக்கத்தில் நின்று துலக்கி, துப்ப வையுங்கள். இப்போது குடிப்பது எந்தத் தண்ணீர் என்பதை மட்டும் உங்கள் பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கோட்டை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்க்காதீர்கள். அதை மறைக்கச் சிகிச்சை இருக்கிறது. அடுத்த போட்டோவில் சிரிக்கலாம்.

தட்டுவடைசெட் | ஜூலை 15, இரவு 8:45

டாக்டரம்மா, அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பூரணத்தில் இருக்கும் எள் செட்டுக்கு அடியில் போனால் நெருஞ்சி முள் மாதிரி குத்துகிறது என்கிறார். சுகரும் உண்டு.

பல்லாண்டு | ஜூலை 15, இரவு 9:50

அவருடைய தேங்காயில் மட்டும் எள்ளுக்குப் பதில் அவல் கூடுதலாகப் போடுங்கள். சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடித்துக் கழுவினால் நழுவினாலும் உடையாது. கொதிநீர் ஆகாது, வளைந்துவிடும். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவிட்டு ஈறுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறில் புண் ஆறுவது தாமதமாகும், எவ்வளவு இனிப்பு என்பதை அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

அம்மாப்பேட்டைக்காரன் | ஜூலை 18, காலை 8:20

முடிந்தது!

இந்த முறை வெளிச்சத்தில், முறத்தின் மேல் வைத்து உடைத்தேன். கரி, சில்லு எல்லாம் முறத்தில் தங்கியது. பூரணத்தை வழித்துத் தட்டில் போட்டு விரலால் தடவிப் பார்த்தபோது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு அகப்பட்டது. போன வருடத்து எதிரியின் தம்பி. பெரியவள் அதை வாங்கி, உடைந்த என் பல் மூலையை வைத்திருக்கும் தீப்பெட்டிக்குள் சேர்த்து வைத்துவிட்டாள்.

வலது பக்கம் மட்டும் மென்றேன். ஒரே உட்காரலில் அரைத் தேங்காய்ப் பூரணம், அப்புறம் தண்ணீர். ஒரு தவறு மட்டும் நடந்தது. ராத்திரி பத்தரைக்கு எதிர்வீட்டு அக்கா இன்னொரு தேங்காயோடு வந்தார், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது முறை துலக்கினேன். கேப் அசையவில்லை.

வெல்லமண்டி | ஜூலை 18, காலை 9:03

எந்தக் கடை வெல்லம்?

அம்மாப்பேட்டைக்காரன் | ஜூலை 18, காலை 9:10

உங்கள் பேட்டைதான் அண்ணா.

வெல்லமண்டி | ஜூலை 18, காலை 9:14

அப்படியானால் சரி. பேரனை அடுத்த வாரம் பல் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். கடையில் கல்லாப் பக்கம் அவன் உட்காரும்போதெல்லாம் ஒரு கட்டியைக் கையில் கொடுத்து வைப்பது நான்தான்.

அம்மாப்பேட்டைக்காரன் | ஜூலை 22, மாலை 6:35

நேற்று நிரந்தர கேப் போட்டாகிவிட்டது. கொஞ்சம் உயரமாக இருந்தது, நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லித் தேய்த்துச் சரிசெய்தார்கள். 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடிக்காதே என்றார்கள், அது முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தட்டுவடை செட் வாங்கப் பையன் சைக்கிளில் போயிருக்கிறான்.

தட்டுவடைசெட் | ஜூலை 22, மாலை 6:37

எங்கள் அப்பாவுக்கும் ஒன்று, நொறுக்கி.